வாலிபருக்குக் கிறிஸ்தவ உலகக் கண்ணோட்டம்: புதிதாகக் கற்பிக்க வருவோருக்கு

வாலிபர் கூடுகையோ ஓய்வுநாள் பள்ளியின் மேல்வகுப்போ, நடத்தும் பொறுப்பு கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது பாடப்புத்தகத்தை. அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். எதிரே உட்காரப்போகிற பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஒரு கண்ணோட்டம் இருக்கிறது. மனுஷனுக்கு மதிப்பு எதனால் வருகிறது, சரி எது தப்பு எது என்று தீர்மானிப்பது யார், செத்த பிறகு என்ன, நல்ல வாழ்க்கை என்றால் எப்படி இருக்கும் என்பதற்கெல்லாம் அவர்களிடம் பதில் உண்டு. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்த பதில்கள் இல்லை அவை. பாட்டு, படம், விளம்பரம், கைப்பேசியில் ஓடும் குறுங்காணொளி, மதிப்பெண் பட்டியல், பணத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் பேசும் தொனி என்று பல வழிகளில் ஊறி வந்தவை. நாற்பது வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

ஆகவே உங்கள் முதல் வேலை, தங்களுக்குள் என்ன பதில் இருக்கிறது என்பதை அவர்களே கண்டுகொள்ளச் செய்வது. வேதாகமம் சொல்லும் பதிலை அதன் பக்கத்தில் வைப்பது இரண்டாவது வேலை. இந்த வரிசை மாறினால், வகுப்பில் சொல்வதற்கு ஒரு பதில், வெளியே வாழ்வதற்கு வேறொன்று என்று இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே ஓடும். கீழே உள்ளது 12 வாரத்துக்கான திட்டம். வாரம் ஒரு வகுப்பு, வகுப்புக்கு 75 நிமிடம்.

தொடங்கும் முன்

குழுவில் 8 முதல் 12 பேர் போதும். 15-ஐத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். பெரிய குழுவில் வாய் திறப்பது எப்போதும் அதே மூன்று பேராகத்தான் இருக்கும். 13–15 வயதினரையும் 16–18 வயதினரையும் ஒன்றாக உட்காரவைக்காதீர்கள். சின்னவர்கள் "இது சரியா தப்பா?" என்று கேட்பார்கள். பெரியவர்கள் "யார் சொன்னது? ஏன்?" என்று கேட்பார்கள். ஒரே வகுப்பில் இரண்டு கேள்விக்கும் நியாயம் செய்ய முடியாது. கல்லூரி வயதினர் வேறு ரகம். அவர்களுக்கு இதே திட்டத்தை வைத்துக்கொண்டு, வாசிப்பதை வீட்டிலேயே முடித்துவரச் சொல்லிவிட்டு வகுப்பு நேரம் முழுவதையும் பேச்சுக்குக் கொடுக்கலாம்.

நாற்காலிகள் வட்டமாக இருக்கட்டும். அறையில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். ஒருவர் நடத்துவார், மற்றவர் கவனிப்பார். இது பிள்ளைகளின் பாதுகாப்புக்கான ஏற்பாடு, பேரம் பேசக் கூடாத விதி. 12 வாரத்தின் தலைப்புகளை ஒரு தாளில் எழுதிப் போதகருக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். "என் பிள்ளைக்குச் சந்தேகத்தைச் சொல்லிக்கொடுக்கிறீர்களாமே" என்ற தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் தகவல் தெரியாததால் வருவது.

உங்கள் சொந்தத் தயாரிப்பு: ஆதியாகமம் 1–3, ரோமர் 8, 1 கொரிந்தியர் 15, கொலோசெயர் 1, வெளிப்படுத்தின விசேஷம் 21–22. இவற்றை வசனம் வசனமாகப் பிய்க்காமல் அதிகாரம் முழுவதையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். பிறகு வேதாகமத்தின் கதை முழுவதையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இரட்சிப்பு, கிருபை, மகிமை, பரிசுத்தம் ஆகிய சொற்களைத் தொடாமல் எழுத வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எங்கே பேனா நின்றுபோகிறதோ அங்கேதான் வகுப்பிலும் திணறுவீர்கள்.

முதல் வாரம்: கேள்வித்தாள்

பாடம் எதுவும் நடத்தாதீர்கள். ஆளுக்கு ஒரு தாள், 6 கேள்விகள், 20 நிமிடம். பெயர் எழுத வேண்டாம்; அவரவர் தாளைப் பின்னால் அடையாளம் காண ஒரு சின்னப் படமோ குறியோ போட்டுக்கொள்ளட்டும். "வேதம் என்ன சொல்கிறது?" என்று ஒரு கேள்விகூட இருக்கக் கூடாது. அப்படிக் கேட்டால் சபைப் பதில்தான் கிடைக்கும். இந்த மாதிரி கேளுங்கள்:

1. வகுப்பில் முதலிடம் எடுப்பவருக்கும் கடைசியில் நிற்பவருக்கும் மனுஷனாக மதிப்பு சமமா? ஏன்?
2. யாருக்கும் தெரியப்போவதில்லை, யாருக்கும் நஷ்டமும் இல்லை என்றால் பொய் சொல்லலாமா? ஏன்?
3. வாழ்நாள் முழுவதற்கும் போதுமான பணம் நாளைக்கே கிடைத்தால், அதற்குப் பிறகும் வேலை செய்வாயா?
4. உலகத்தின் மிகப் பெரிய பிரச்சினை எது? அதை எது தீர்க்கும்?
5. செத்த பிறகு உடம்புக்கு என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?
6. கடவுளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால், எதைக் கேட்பாய்?

தாள்களை வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் வாசிக்கும்போது பதிலைவிட "ஏனென்றால்" என்பதற்குப் பின்னால் வருவதைக் கவனியுங்கள். முதல் கேள்விக்கு எல்லாரும் "சமம்" என்றுதான் எழுதியிருப்பார்கள். ஒரு தாளில் "சமம்தான், ஏனென்றால் கடைசியில் இருப்பவனும் முயற்சி செய்தால் முதலிடத்துக்கு வரலாம்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள் புதைந்திருப்பது, மனுஷனின் மதிப்பு அவன் சாதிக்கக்கூடியதைப் பொறுத்தது என்ற நம்பிக்கை. எவ்வளவு முயன்றாலும் முதலிடத்துக்கு வரவே முடியாத மூளை வளர்ச்சி குன்றிய குழந்தை, நினைவு தப்பிப்போன முதியவர் ஆகியோரின் கதி என்ன? அந்தக் கேள்வியோடு, தேவன் மனுஷனைத் தம் சாயலாகப் படைத்தார் என்னும் ஆதியாகமம் 1:27-ஐத் திறந்தால், பிள்ளைகள் நூறு முறை கேட்ட வசனம் புதிதாகக் காதில் விழும். உங்கள் 2-ஆம் வாரப் பாடம் இப்படித்தான் கேள்வித்தாளிலிருந்தே கிடைக்கிறது.

தாள்களைப் பத்திரமாக வையுங்கள். 12-ஆம் வாரம் தேவைப்படும்.

நான்கு கேள்விகள்

வேதாகமத்தின் கதையைப் படைப்பு, வீழ்ச்சி, மீட்பு, புதுப்பித்தல் என்று நான்கு பகுதியாகச் சொல்வது நெடுநாள் வழக்கம். அதையே எந்தப் பாட்டிடமும் படத்திடமும் கொள்கையிடமும் கேட்கக்கூடிய நான்கு கேள்விகளாக மாற்றிக்கொள்ளுங்கள்: நாம் எங்கிருந்து வந்தோம், எதற்காக? எது கெட்டுப்போயிற்று? அதை யார் அல்லது எது சரிசெய்யும்? கடைசியில் எங்கே போய்ச் சேருவோம்? ஒரு பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 12 வாரமும் அது அங்கேயே இருக்கட்டும்.

2 முதல் 8-ஆம் வாரம் வரை: படைப்புக்கு 2 வாரம், வீழ்ச்சிக்கு 2, மீட்புக்கு 2, புதுப்பித்தலுக்கு 1. படைப்புக்கு எதற்கு இரண்டு வாரம் என்று தோன்றும். நம் கூடுகைகளில் மிகவும் மெலிந்துபோன பகுதி அதுதான். பெரும்பாலான வாலிபர்கள் கேட்டிருப்பது ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தில் தொடங்கிச் சிலுவையில் முடியும் கதை: நீ பாவி, இயேசு மரித்தார், நம்பினால் பரலோகம். இதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் முன்னும் பின்னும் வெட்டப்பட்டிருக்கிறது. அதனால் என்ன நடக்கிறது? கணிதம் படிப்பதற்கும் கடவுளுக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிறது. ஊழியம் செய்கிறவர்தான் கர்த்தருக்கு வேலை செய்கிறார், மற்றவர்கள் வயிற்றுக்குச் செய்கிறார்கள் என்று ஆகிறது. உடம்பு என்பது வெறும் சோதனைக்குக் காரணமாகிறது.

ஆகவே 2-ஆம் வாரம் தேவசாயல். 3-ஆம் வாரம் வேலையும் உடம்பும். ஆதியாகமம் 2:15-ஐ வாசிக்கச் சொல்லிவிட்டு, "இது பாவத்துக்கு முன்னாலா, பின்னாலா?" என்று மட்டும் கேளுங்கள். தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் சொன்னது விழுகைக்கு முன்னால். வேலை சாபம் இல்லை. 3:17–19-ல் சபிக்கப்படுவது நிலம், கூடவே வருவது வேர்வையும் முள்ளும். இந்த ஒரு வித்தியாசத்துக்கே அரை மணி நேரம் கொடுக்கலாம். கேள்வித்தாளின் 3-ஆம் கேள்வியை அப்போது மறுபடி எடுங்கள். 1:31-ல் வரும் "மிகவும் நன்றாயிருந்தது" என்ற தீர்ப்பு மண்ணுக்கும் மரத்துக்கும் மாம்சத்துக்கும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டது என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

வீழ்ச்சிக்கான முதல் வாரத்தில் ஆதியாகமம் 3-ஐக் கையில் கொடுத்து, "எந்தெந்த உறவு உடைந்தது? வசனத்தைக் காட்டுங்கள்" என்று இருவர் இருவராகத் தேடவிடுங்கள். தேவனைக் கண்டு ஒளிந்தார்கள், தங்களையே பார்த்து வெட்கப்பட்டார்கள், ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டார்கள், நிலம் முள் முளைப்பித்தது. நான்கையும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், சில சமயம் நீங்கள் நினைக்காத ஐந்தாவதையும். இரண்டாம் வாரம் பாவத்தின் அகலம். ஆசிரியர்கள் இங்கேதான் வழுக்குவார்கள்: பாவம் என்றதும் சினிமா, கைப்பேசி, காதல் என்று வாலிபரின் பட்டியலை மட்டும் வாசிப்பார்கள். பெரியவர்களின் பேராசையும் கோள்சொல்லுதலும் பட்டியலில் வராது. பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனிக்கிறார்கள். ஆமோஸ் 8:4–6-ஐ வாசியுங்கள். கள்ளத்தராசு வைத்து எளியவனை விலைக்கு வாங்கும் வியாபாரிகள், ஓய்வுநாள் எப்போது முடியும் என்று காத்திருக்கிறார்கள். ஆராதனைக்கு ஒழுங்காக வருகிறவர்களின் பாவம் அது.

மீட்புக்கான வாரங்களில் 1 கொரிந்தியர் 15:3–8-ஐ நிதானமாக எடுங்கள். பவுல் இந்த நிருபத்தை எழுதியது ஏறக்குறைய கி.பி. 55-ல், அதாவது சிலுவைச் சம்பவம் நடந்து சுமார் 25 ஆண்டுக்குள். "நான் அடைந்ததும் உங்களுக்கு ஒப்புவித்ததும்" என்று அவர் சொல்வதால், அந்தச் சாட்சி அதற்கும் முந்தியது. ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்கள் கண்டார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். அதே அதிகாரம் 14-ஆம் வசனத்தில், கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் விசுவாசமே விருதா என்று பந்தயத்தையும் வெளிப்படையாக வைக்கிறார். கிறிஸ்தவம் நல்ல போதனைகளின் தொகுப்பு மட்டுமே என்று நினைக்கும் வாலிபருக்கு, ஒரு நிகழ்ச்சி நடந்ததா இல்லையா என்பதில் முழுவதும் தொங்குகிறது என்பது புதுச் செய்தி. இரண்டாம் வாரம் கொலோசெயர் 1:15–20. "எல்லாவற்றையும்", "சகலமும்" என்ற பொருளில் வரும் இடங்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒப்புரவாக்கப்படுவது ஆத்துமா மட்டும் இல்லை என்பது அடிக்கோட்டிலேயே தெரிந்துவிடும்.

புதுப்பித்தலுக்கு ஒரு வாரம் போதும். வெளிப்படுத்தின விசேஷம் 21:1–5-ல் நகரம் எந்தத் திசையில் போகிறது என்று கேளுங்கள். மேலே போகிறோம் என்பார்கள். வாசித்தால் நகரம் கீழே இறங்கி வருகிறது.

ஒரு வகுப்பு, நிமிடக் கணக்கில்

எல்லா வகுப்புக்கும் சட்டகம் ஒன்றே. முதல் 10 நிமிடம் பேச்சும் ஜெபமும். அடுத்த 15 நிமிடம் ஒரு பொருளைப் பார்ப்பது, கேட்பது: பாட்டு, விளம்பரம், செய்தி, மீம் எதுவானாலும் சரி. 20 நிமிடம் அதனிடம் நான்கு கேள்வி. 20 நிமிடம் வேதபகுதி. கடைசி 10 நிமிடம் கேள்விச் சீட்டும் வீட்டுக்கு ஒரு வேலையும். பொருள் 3 நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது. படம் முழுவதையும் போட்டால் அன்றைக்குப் படம் பார்த்த ஞாபகம்தான் மிஞ்சும்.

உதாரணத்துக்கு ஒரு கைப்பேசி விளம்பரம். ஒரு பெண் கூட்டத்தில் தனியே நிற்கிறாள், யாரும் அவளைப் பார்க்கவில்லை. புதுக் கைப்பேசி கைக்கு வருகிறது. படம் எடுக்கிறாள். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், சிரிக்கிறாள். 30 வினாடி. முதல் ஓட்டத்தில் சும்மா பார்க்கட்டும். இரண்டாம் ஓட்டத்தில் சுவரில் உள்ள அட்டையைக் காட்டுங்கள். மனுஷி எதற்காக இருக்கிறாள்? பார்க்கப்படுவதற்காக. எது கெட்டுப்போயிற்று? யாரும் பார்க்கவில்லை. இரட்சகர் யார்? கைப்பேசி. பரலோகம் எது? எல்லார் கண்ணும் தன்மேல். ஒரு சிறுவன் "இது ஒரு சுவிசேஷக் கூட்டம் மாதிரி இருக்கே அண்ணா" என்பான். அவன் சரியாகத்தான் பிடித்திருக்கிறான்.

இங்கே அவசரப்பட்டு விளம்பரத்தைத் திட்டாதீர்கள். "இந்த விளம்பரம் எதைச் சரியாகச் சொல்கிறது?" என்பதுதான் அடுத்த கேள்வி. தன்னை ஒருவர் பார்க்க வேண்டும், அறிய வேண்டும் என்ற ஏக்கம் உண்மையானது. அதன் பிறகு ஆதியாகமம் 16-ல் வனாந்தரத்தில் தனியே இருக்கும் ஆகாரிடம் போங்கள். ஓர் அடிமைப்பெண், கொடுமை தாங்காமல் ஓடிப்போனவள், தன்னோடு பேசின கர்த்தருக்கு "என்னைக் காண்கிற தேவன்" என்று பெயரிடுகிறாள். சரியான ஏக்கம், தவறான இரட்சகர். இந்த வடிவம் பிடிபட்டுவிட்டால் பிள்ளைகள் அதைப் பிறகு எங்கும் பார்ப்பார்கள். விளம்பரத்தைத் திட்டி முடித்திருந்தால், "சபையில் எதைக் கண்டாலும் தப்பு என்பார்கள்" என்பதை மட்டும் கற்றுக்கொண்டு போயிருப்பார்கள்.

பதில் சொல்லும் முறை

காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்வது புத்தியீனம் என்கிறது நீதிமொழிகள் 18:13. இதை எழுதி உங்கள் பாடக்குறிப்பின் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டதும் 8 முதல் 10 வினாடி வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகுங்கள். அந்த மௌனம் ஆசிரியருக்குத்தான் நீளம், யோசிக்கிற பிள்ளைக்கு இல்லை. மூன்றாவது வினாடியில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து ஒருவரும் யோசிக்க மாட்டார்கள். காத்திருந்தால் நீங்களே சொல்லிவிடுவீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துபோகும்.

பதில் சொல்லும்போது அது எந்த வட்டத்தைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உள்வட்டம், அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தில் இருப்பவை: படைத்த தேவன், மரித்து உயிர்த்த கிறிஸ்து, சரீர உயிர்த்தெழுதல். நடுவட்டம், உங்கள் திருச்சபையின் போதனை: ஞானஸ்நானம், ஆவியின் வரங்கள் போன்றவை. வெளிவட்டம், உங்கள் சொந்தக் கருத்து. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே குரலில், ஒரே அழுத்தத்தில் சொன்னால், பின்னாளில் உங்கள் அரசியல் கருத்தையோ உடை பற்றிய கருத்தையோ தள்ளும் வாலிபர், உயிர்த்தெழுதலையும் அதே கையால் தள்ளிவிடுவார்.

தெரியாத கேள்விக்குத் "தெரியாது, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்" என்பது மரியாதையான பதில். குறிப்பேட்டில் அவர்கள் கண் முன்னால் எழுதுங்கள், அடுத்த வாரம் மறக்காமல் முதல் வேலையாக அதை எடுங்கள். மறந்தால் அதற்குப் பிறகு கேள்வி வராது.

கேள்விச் சீட்டு

நேரில் கேட்கத் தயங்குவதைச் சீட்டில் எழுதுவார்கள். ஆனால் சும்மா "கேள்வி இருந்தால் எழுதிப் போடுங்கள்" என்றால், எழுதுகிறவரை எல்லாரும் பார்ப்பார்கள். ஒருவரும் எழுத மாட்டார். எல்லாருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே நிறப் பேனா. எல்லாரும் 2 நிமிடம் எழுதியே ஆக வேண்டும். கேள்வி இல்லாதவர் அன்று வாசித்த வேதபகுதியின் ஒரு வசனத்தை எழுதட்டும். நான்காக மடித்துப் பெட்டியில் போடட்டும். வகுப்பிலேயே பிரித்து வாசிக்காதீர்கள், வீட்டில் பிரியுங்கள்.

காரணம் இருக்கிறது. "நான் உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை", "ஒருவர் என்னைத் தொடுகிறார்" என்பது போன்ற சீட்டு என்றாவது வரலாம். அது வகுப்பில் பேசும் விஷயம் இல்லை. அன்றைக்கே போதகரிடமோ சபையில் பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடமோ கொண்டுபோங்கள். புகார் அவர்களில் ஒருவரைப் பற்றியது என்றால் நேராகச் சபைக்கு வெளியே உள்ள அதிகாரிகளிடம். எழுதியது யார் என்று வகுப்பில் விசாரிக்காமல், தனியே பேச நீங்கள் எப்போது, எங்கே இருப்பீர்கள் என்பதை எல்லாருக்கும் பொதுவாக அறிவியுங்கள். யாராவது நேரில் வந்து சொன்னால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் பாதுகாப்புக்குத் தேவையானவரிடம் மட்டும் சொல்வேன்" என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு.

கடினமான மூன்று வாரங்கள்

9-ஆம் வாரம்: பிற நம்பிக்கைகள். ஒரு பக்கம் நம் கொள்கை, மறுபக்கம் மற்றவர் கொள்கை என்று கோடு போட்ட அட்டவணை வேண்டவே வேண்டாம். அடுத்தவர் பக்கத்தில் எழுதியதை அவரிடமே காட்டினால் "நாங்கள் இப்படிச் சொல்வதில்லையே" என்பார். வகுப்புக்கு ஒரு விதி வையுங்கள்: ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொன்னால், அதைப் பின்பற்றுகிறவர் கேட்டு "ஆமாம், அதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் வேறுபாட்டைப் பேசலாம். பாடத்துக்கு அப்போஸ்தலர் 13-ஐயும் 17-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பிசீதியா அந்தியோகியாவின் ஜெபாலயத்தில் பவுல் சங்கீதங்களை மேற்கோள் காட்டுகிறார். அத்தேனே பட்டணத்தில், எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்ற தத்துவ ஞானிகள் கேட்க, அவர்களுடைய பலிபீடத்தின் எழுத்தில் தொடங்கி அவர்களுடைய புலவர்களின் வரியையே எடுத்துச் சொல்கிறார். ஆனால் உயிர்த்தெழுதலைச் சொல்லாமல் விடவில்லை. முடிவில் சிலர் இகழ்ந்தார்கள், சிலர் மறுபடி கேட்போம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். அந்த மூன்று விளைவையும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். நன்றாகப் பேசினால் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு அங்கேயே கழன்றுவிடும்.

10-ஆம் வாரம்: துன்பம். கேள்வித்தாளின் 6-ஆம் கேள்விக்குப் பலரும் எழுதியிருப்பது "ஏன்?" என்பதுதான். தேவன் ஏன் அனுமதித்தார் என்பதற்கு நான்கு காரணம் சொல்லும் பாடமாக இதை ஆக்காதீர்கள். வட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் சமீபத்தில் அப்பாவை இழந்திருக்கலாம். யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாக இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. கடைசியில் 42:7-ல் கர்த்தரின் கோபம் அவர்கள்மேல்தான் வருகிறது. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது. அன்றைக்குப் பிள்ளைகள் ஒரு புலம்பலைத் தாங்களே எழுதட்டும். வாசித்துக்காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

11-ஆம் வாரம்: அறிவியலும் வரலாறும். பூமியின் வயது, ஆதியாகமத்தின் நாட்கள் பற்றி வேதத்தை மதிக்கும் கிறிஸ்தவர்களிடையே பல கருத்துகள் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பரம்பரைப் பண்புகளின் விதிகளைப் பட்டாணிச் செடியில் கண்டு 1866-ல் வெளியிட்ட மெண்டல் ஒரு துறவி. பிரபஞ்சம் விரிகிறது என்பதை 1927-லேயே எழுதிய பெல்ஜியத்துக்காரர் லெமேத்தர் ஒரு கத்தோலிக்கக் குரு. இந்தப் பெயர்கள் "அறிவியல் படித்தால் விசுவாசம் போய்விடும்" என்பதை உடைக்கும். அதற்கு மேல் எதையும் நிரூபிக்காது, நிரூபிப்பதாகக் காட்டவும் வேண்டாம். லெமேத்தரே இதற்கு நல்ல பாடம். அவருடைய கோட்பாட்டைப் போப் பன்னிரண்டாம் பயஸ் 1951-ல் படைப்புக்கு ஆதரவாகச் சுட்டிப் பேசியபோது அவர் மகிழவில்லை. இன்றைய கோட்பாட்டின்மேல் விசுவாசத்தைக் கட்டினால் அது மாறும்போது இதுவும் ஆடும்.

வரலாற்றில் நம் தரப்பின் கறையை நீங்களே எடுத்து வையுங்கள். கலிலியோ 1633-ல் திருச்சபை விசாரணையில் தண்டிக்கப்பட்டார். ஆதியாகமம் 9-ஐக் காட்டி அடிமைமுறையை நியாயப்படுத்திய கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அதே வேதத்திலிருந்து, தேவசாயலை விலைக்கு வாங்க யாரால் முடியும் என்று 4-ஆம் நூற்றாண்டிலேயே கேட்டவர் நீசாவின் ஆயர் கிரகோரி. அடிமை வாணிபத்தை 1807-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தடைசெய்யக் காரணமானவர்களில் அதன் உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸும் அவரோடு நின்ற கிறிஸ்தவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தையும் வைத்துவிட்டு, "வேதத்தை வைத்தே இவர்கள் எப்படி இரண்டு எதிர்த் திசையில் போனார்கள்? யார் கதை முழுவதையும் வாசித்தார்கள், யார் ஒரு வசனத்தைப் பிய்த்தார்கள்?" என்று கேளுங்கள். 2-ஆம் வாரப் பாடம் அங்கே திரும்ப உயிர்பெறும்.

எவை கெடுக்கின்றன

கெடுப்பதில் முதலிடம் பொய்க் கதைகளுக்கு. டார்வின் மரணப்படுக்கையில் மனந்திரும்பினார் என்ற கதை 1915-ல் அச்சில் வந்தது. 1922-ல் அவருடைய மகளே அதை மறுத்தார். யோசுவாவின் காலத்தில் சூரியன் நின்றதால் காணாமற்போன நாளை நாசா கணினியில் கண்டுபிடித்தது என்பதும் கட்டுக்கதை. கடவுள் இல்லை என்ற பேராசிரியரை மாணவன் மடக்கிய கதையில் அந்த மாணவன் ஐன்ஸ்டீன் என்பதற்கு ஆதாரமே இல்லை. இவற்றைச் சொல்லும்போது வகுப்பு கைதட்டும். வீட்டுக்குப் போய் இரண்டு நிமிடம் தேடும் ஒரு பிள்ளைக்கு, நீங்கள் அன்றைக்குச் சொன்ன மற்றவையும் அதே எடையாகிவிடும். கைப்பேசியில் சுற்றிவரும் எதையும் மூலம் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து" என்பது (1 தெசலோனிக்கேயர் 5:21) நமக்கு ஆதரவான செய்திக்கும் பொருந்தும்.

அடுத்தது, அவசரமாக வாதப்பயிற்சி கொடுப்பது. நான்கு கேள்விகளைக் கேட்கத் தெரிவதற்கு முன்பே எதிராளியை மடக்கும் பதில்களைக் கொடுத்தால், பள்ளியில் வாதத்தில் ஜெயிப்பார்கள், நண்பனை இழப்பார்கள். 1 பேதுரு 3:15-ஐ எல்லாரும் "உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள்" என்பதற்காக எடுப்பார்கள். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்பதும், "விசாரித்துக் கேட்கிற" ஆளுக்கு என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கின்றன.

ஆசிரியரின் பேச்சு மூன்றாவது. உடன் இருக்கும் பெரியவரிடம் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து, நீங்கள் பேசிய நிமிடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். 75-ல் 30-ஐத் தாண்டினால் அது பிரசங்கம்.

வீடு

உபாகமம் 6:7 பேசுவது வகுப்பறையைப் பற்றி அல்ல. வீட்டில் உட்கார்ந்திருப்பது, வழியில் நடப்பது, படுப்பது, எழுவது. வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வியைப் பெற்றோருக்குச் செய்தியாக அனுப்புங்கள். "இந்த வாரம் பார்த்த படத்தில் இரட்சகர் யார்?" போதும். பாடச்சுருக்கம் அனுப்பினால் பெற்றோர் தேர்வு வைப்பார்கள்.

மனப்பாடத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். 1563-ல் வந்த ஹைடல்பெர்க் வினாவிடை 129 கேள்விகளை 52 ஞாயிறுகளாகப் பிரித்துவைத்திருக்கிறது; வாரத்துக்குச் சிறு பங்கு, ஆண்டுக்கு ஒரு சுற்று. சிறிய அளவில் திரும்பத் திரும்ப என்ற அந்த முறை இன்றைக்கும் வேலை செய்கிறது. 12 வாரத்துக்கு 6 பகுதி போதும், இரண்டு வாரத்துக்கு ஒன்று.

12-ஆம் வாரம்

முதல் வாரத்தின் அதே கேள்வித்தாள், அதே 20 நிமிடம். பிறகு பழைய தாளை அவரவர் குறியைப் பார்த்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மதிப்பெண் கிடையாது. எல்லாருடைய புதுத் தாளும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் மகிழாதீர்கள். உங்கள் வாக்கியத்தை ஒப்பித்திருக்கிறார்கள். "ஏனென்றால்" நீண்டிருக்கிறதா, 6-ஆம் கேள்வி முன்பைவிடக் கூர்மையாகியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பு "தேவன் நல்லவர்" என்று எழுதியவர் இப்போது "எனக்கு இது புரியவில்லை" என்று எழுதியிருந்தால் பின்வாங்கிவிட்டார் என்று பதறாதீர்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்ற தகப்பனை (மாற்கு 9:24) இயேசு திருப்பி அனுப்பவில்லை. அவரோடு தனியே, ஆனால் பிறர் பார்வைபடும் இடத்தில், உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குங்கள்.

மீதி நேரத்தில் யாரும் முன்பு பார்க்காத ஒரு 2 நிமிடக் காணொளியைப் போட்டுவிட்டு நீங்கள் வட்டத்துக்கு வெளியே போய் உட்காருங்கள். அட்டையைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். நான்கு கேள்வியும் தாமாக வருகின்றனவா, "இதில் எது சரி?" என்பதை யாராவது கேட்கிறார்களா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கேட்கிறவர்கள் இருவர் கிடைத்தால், அடுத்த சுற்றின் 3-ஆம் வாரத்தை அவர்கள் நடத்தட்டும். பொருளைத் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம் அவகாசம், உங்களோடு ஒரு முறை ஒத்திகை, வகுப்பில் நீங்கள் கடிகாரம் பிடிப்பவர்.